பதின்மூன்று வயதுக்குப் பின்

அமெரிக்காவில் வாழும் யூதக் குடும்பங்களில், பிள்ளைக்கு 13 வயது நிறையும் சமயம் ஒரு பெரிய விசேஷமாகக் கொண்டாடப்படுகிறது. உற்றாரும் நண்பரும் கூடியிருக்கும் ஜெப ஆலயத்தில், நேற்றுவரை குழந்தையாகக் கருதப்பட்ட பையனோ பெண்ணோ மேடையேறி, மோசேயின் ஐந்து ஆகமங்கள் எழுதப்பட்ட தோல்சுருளை விரித்து, அந்த வாரத்துக்கு உரிய பகுதியை எபிரேய மூலத்திலேயே இசையோடு வாசித்து, அதன் பொருளைப் பற்றித் தன் மனத்தில் தோன்றியதைச் சபையாருக்கு எடுத்துச் சொல்லும் காட்சி, பெற்றோர் கண்ணில் நீர் துளிக்கச் செய்வது. ஆணாயின் பார் மிட்ஸ்வா, பெண்ணாயின் பாட் மிட்ஸ்வா என்று வழங்கும் இச்சடங்கோடு, சமயக் கட்டளைகளை அனுசரிக்கும் பொறுப்பு பெற்றோரிடமிருந்து பிள்ளையின் தோளுக்கு மாறிவிடுகிறது. இதற்காகவே பல ஆண்டுகள் மாலைவேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சமயப் பள்ளிக்குச் சென்று பயின்ற பிள்ளைகளிற் பலர், விருந்தும் பரிசும் ஓய்ந்த பிறகு அந்தப் பள்ளியின் வாயிலை மீண்டும் மிதிப்பதில்லை.

யூதக் கல்வியாளர்களை நெடுங்காலமாக வருத்திவரும் விஷயம் இது. அவர்களுடைய பழைய நீதிநூலொன்று மனித ஆயுளை வகுத்து இன்ன பிராயத்தில் இன்ன படிப்பு என்று கிரமம் சொல்லும்போது, கட்டளைகளை ஏற்கும் வயதாக 13ஐக் குறித்துவிட்டு, தால்முத் என்னும் மகா வியாக்கியானத்தைக் கற்கத் தொடங்கும் வயதாக 15ஐக் குறிக்கிறது. ஆகவே சடங்கோடு கல்வி முற்றுப்பெறுவதாக எண்ணும் குடும்பம், சாஸ்திரம் எந்த இடத்தில் கடினமான படிப்பைத் தொடங்கச் சொல்கிறதோ அந்த இடத்திலேயே பிள்ளையை நிறுத்திவிடுகிறது. இந்தக் குறையை நிறைக்க எழுந்தவைதாம் 13 முதல் 18 வரையான பிராயத்தினருக்கென்று யூத சமூகத்தார் நடத்தும் துணைப் பள்ளிகள். பகலில் எல்லோரையும் போல அரசாங்கப் பள்ளியில் கணிதமும் விஞ்ஞானமும் படித்துவிட்டு, வாரத்தில் ஒரு மாலையோ ஞாயிறு காலையோ இங்கே வந்து கூடும் இளைஞருக்கு இப்பள்ளி எதைக் கற்பிக்கிறது, எவ்வாறு கற்பிக்கிறது என்பது, மரபைத் தன் சந்ததிக்குக் கொடுக்க விரும்பும் எந்தச் சமூகமும் கவனித்து அறியத்தக்கது.

இத்தகைய பள்ளிக்கு அமெரிக்காவில் அவசியம் நேர்ந்த வரலாற்றை முதலில் அறிவது நலம். அந்நாட்டின் அரசியல் சட்டம் சமயத்தையும் அரசையும் வேறு வேறாக வைத்திருக்கிறது. அரசாங்கப் பள்ளிக் கட்டிடத்துக்குள் பாடவேளையில் சமயபோதனை நடத்துவது சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1948ல் தீர்ப்பளித்தது. மாணவர்கள் அனுமதி பெற்று வெளியே வேறிடம் சென்று சமயம் கற்பதற்குத் தடையில்லை என்று 1952ல் மற்றொரு வழக்கில் தெளிவுபடுத்தியது. சமயக் கல்வி வேண்டுவோர் அதற்கென்று முழுநேரப் பள்ளி வைத்துக்கொள்ளலாம். சமய விதிகளைக் கண்டிப்பாக அனுசரிக்கும் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் பெரும்பாலும் அந்த வழியையே கைக்கொண்டிருக்கிறார்கள். நாட்டின் பொதுப் பள்ளியில் எல்லாரோடும் கலந்து படிக்கவும் வேண்டும், தம் மரபும் கைவிட்டுப் போகலாகாது என்று இரண்டையும் விரும்பியவர்களுக்குத் துணைப் பள்ளியே வழியாயிற்று.

இந்தத் தீர்ப்புகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்த வழியை முதன்முதல் திறந்தவர் ஒரு பெண்மணி. பிலடெல்பியா நகரத்து வர்த்தகக் குடும்பத்தில் 1781ல் பிறந்து, மணம் புரியாமல் தம் ஆயுளை அறப்பணிகளுக்கே அர்ப்பணித்த ரெபெக்கா கிராட்ஸ் அம்மையார், ஏழை யூதப் பெண்களுக்கு உதவும் சங்கத்தை 1819ல் தோற்றுவித்தவர்; 1838ல் அந்நகரிலேயே எபிரேய ஞாயிற்றுப் பள்ளியைத் தொடங்கினார். ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் அமர்ந்து கட்டணமின்றிப் படித்த அப்பள்ளியில், கற்பித்தவர்கள் பெண்களே. யூதச் சிறுவர்க்கென்று ஆங்கிலத்தில் பாடநூல் இல்லாத காலமாதலால், கிறிஸ்தவப் பள்ளிகளுக்காக அச்சிடப்பட்ட வினாவிடை நூலை வாங்கி, தம் சமயத்துக்கு ஒவ்வாத பகுதிகளின் மேல் காகிதம் ஒட்டி மறைத்துப் பாடம் நடத்தினார்கள். இருந்ததைக் கொண்டு தொடங்கி, குறை கண்ட இடத்தில் கைவேலையாலேயே திருத்திக்கொண்ட அந்தப் பெண்களின் உறுதியை எண்ணும்போது, கல்விச்சாலைக்கு முதற்பொருள் செல்வமன்று, சிரத்தையே என்பது விளங்குகிறது.

பின்னர் 1881 முதல் 1924 வரையான காலத்தில், ருஷியப் பேரரசிலும் அதன் அண்டை நாடுகளிலும் வறுமையாலும் வன்முறையாலும் வருந்திய யூதர்கள் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கக் கரையை அடைந்தார்கள். நியூயார்க் நகரின் நெருக்கமான தெருக்களில் நிரம்பிய அவர்களுடைய குழந்தைகளுக்கு யூதக் கல்வி கற்பிக்கும் பொறுப்பு, 1910ல் சாம்சன் பெண்டர்லி என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கலிலேயாவின் சபேத் நகரில் பிறந்து, மருத்துவம் பயின்று, அத்தொழிலைத் துறந்து ஆசிரியப் பணிக்கு வந்த பெண்டர்லி, யூதப் பிள்ளைகள் பொதுப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்றும், அதற்குத் துணையாக மாலையில் சிறந்த யூதக் கல்வியைச் சமூகம் அளிக்க வேண்டும் என்றும் உறுதியாக நம்பினார். எபிரேயத்தை எபிரேயத்தின் வாயிலாகவே கற்பிப்பதும், படங்களையும் நாடகங்களையும் வகுப்பில் பயன்படுத்துவதும், இளைஞர்களைத் தேடிப் பிடித்து ஆசிரியர்களாகப் பயிற்றுவிப்பதும் அவர் கைக்கொண்ட முறைகள். அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் நாடெங்கும் பரவி, அடுத்த தலைமுறையின் கல்விக்கு வழிகாட்டிகள் ஆனார்கள்.

வளரிளம் பருவத்தினருக்கான உயர்படிப்பும் இதே காலத்தில் உருப்பெற்றது. ரெபெக்கா அம்மையாரின் சகோதரர் ஹைமன் கிராட்ஸ் ஒதுக்கிவைத்த சொத்தைக் கொண்டு 1895ல் பிலடெல்பியாவில் அமைந்த கிராட்ஸ் கல்லூரியும், 1921ல் பாஸ்டனில் ஏற்பட்ட எபிரேயக் கல்லூரியும், ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததோடு நில்லாமல், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று தனி வகுப்புகளையும் நடத்தின. மற்றொரு பக்கத்தில், சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்த ஜெப ஆலயங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தோன்றிய உறுதியேற்பு என்னும் சடங்கை மேற்கொண்டு, பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஆணும் பெண்ணுமாக ஒன்றுசேர்ந்து, சீனாய் மலையில் வேதம் அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷவுவோத் பண்டிகையன்று சபையின் முன் நின்று தம் சமயப் பற்றை அறிவிக்கும்படி செய்தன. சடங்கு நடக்கும் வயதை 13லிருந்து 16க்குத் தள்ளிவைத்தால் பிள்ளைகள் இன்னும் சில வருஷங்களாவது தங்குவார்கள் என்பது அதில் அடங்கிய யோசனை. சடங்கைக் காட்டி அழைத்தால் சடங்கு வரையில்தான் இருப்பார்கள் என்ற உண்மையையும் அனுபவம் கற்பித்தது. ஆகவே வகுப்பறைக்குள் நடப்பதே இளைஞரை இழுக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் உணர்ந்தார்கள்.

அந்த வகுப்பறைக்குள் நாமும் சென்று பார்ப்போம். மாலை ஆறு மணி அளவில், கூடைப்பந்துப் பயிற்சியிலிருந்து வியர்வையோடு சிலரும், வயலின் பெட்டியைச் சுமந்துகொண்டு சிலரும், நாளைய ரசாயனப் பரீட்சைக் குறிப்புகளோடு சிலருமாக மாணவர்கள் வந்து சேருகிறார்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து உண்கிறார்கள். பெரும்பாலும் பீட்சாதான், ஆயினும் வெவ்வேறு பள்ளிகளில் தத்தம் வகுப்பில் ஒருவராகவோ இருவராகவோ இருக்கும் யூதப் பிள்ளைகள், தம்மைப் போன்றவர்களே நிறைந்த மேசையில் அமர்ந்து பேசும் அந்த அரைமணி நேரமும் பாடத்தின் ஓர் அங்கம் என்றே ஆசிரியர்கள் கருதுகிறார்கள். பிறகு இரண்டு பாடவேளைகள். சிறுவயதில் எல்லாருக்கும் ஒரே பாடம் என்றிருந்த நிலை மாறி, இங்கே மாணவரே தமக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கிறார்கள்: பேச்சு எபிரேயம், வேத ஆராய்ச்சி, தால்முத், ஐரோப்பிய யூதரின் அழிவும் அதன் வரலாறும், இஸ்ரேல் நாட்டின் சரித்திரமும் அரசியலும், மருத்துவத்திலும் யுத்தத்திலும் எழும் தர்மசங்கடங்கள், சமையல், நாடகம், சங்கீதம் என்று பட்டியல் நீளுகிறது. சில ஊர்களில், இங்கே படிக்கும் எபிரேயத்தைப் பகல் பள்ளியின் அந்நிய மொழிப் பாடத்துக்கு ஈடாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதும் உண்டு.

இவற்றுள் தால்முத் வகுப்பே இந்தக் கல்வியின் உயிர்நிலையைக் காட்டுவது. ஆதலின் அங்கே சற்று அதிக நேரம் நிற்போம். மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் வாய்விட்டு வாசிக்க, மற்றவர் குறுக்கிட்டுக் கேட்க, இருவரும் வாதாடிப் பொருள் காணும் இம்முறைக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். அவர்கள் முன் விரிந்திருக்கும் ஏட்டின் நடுவே மூலம். உள் ஓரத்தில், பதினோராம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து த்ருவா நகரில் வாழ்ந்த ராஷி என்னும் பேராசிரியரின் உரை. வெளி ஓரத்தில், அவருடைய பேரர்களும் அவர் வழிவந்த மாணாக்கர்களும் அந்த உரைக்கே ஆட்சேபம் எழுப்பி எழுதிய குறிப்புகள். ஏறத்தாழ 1520ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் டேனியல் போம்பெர்க் என்பவர் அச்சிட்ட நாள் முதல் இந்த அமைப்பு மாறாமல் இருந்துவருகிறது. மூலத்தைச் சுற்றிலும் பல நூற்றாண்டு அறிஞர்கள் அமர்ந்து வாதிடும் சபையில், கடைசி ஆசனத்தில் தானும் அமர்ந்திருப்பதாக அந்தப் பதினைந்து வயது மாணவன் உணர வேண்டும் என்பதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

இளைஞர்க்கு இங்கே அடிக்கடி கற்பிக்கப்படுவது, இழந்த பொருளும் கண்டெடுத்த பொருளும் பற்றிய அத்தியாயம். தால்முத்துக்கு மூலமாக அமைந்த, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, எவற்றைக் கண்டெடுத்தவர் தமதாக்கிக் கொள்ளலாம், எவற்றை ஊரறியக் கூவி உரியவரைத் தேட வேண்டும் என்று வகுக்கிறது. தெருவில் சிதறிக் கிடக்கும் காசுகள் எடுத்தவருக்கே உரியவை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று காசுகள் அடுக்கப்பட்டுக் கிடந்தாலோ கூவித்தான் ஆக வேண்டும். ஏன் இந்தப் பேதம்? மாணவர் இருவரும் இதை முதலில் தாமே யோசிக்க வேண்டும். சிதறிய காசில் அடையாளம் ஏதுமில்லை. இழந்தவர் இனிக் கிடைக்காதென்று நம்பிக்கை இழந்திருப்பார். அடுக்கி வைத்த காசோ ஒருவர் கையால் வைக்கப்பட்டது. எத்தனை காசு என்று சொல்லி உரிமையாளர் அடையாளம் காட்டக்கூடும். இவ்வாறு அவர்கள் ஒரு முடிவுக்கு வந்ததும், ஆசிரியர் அடுத்த முடிச்சை அவிழ்க்கக் கொடுக்கிறார்: பொருள் தொலைந்ததே உரியவருக்கு இன்னும் தெரியவில்லை, தெரிந்திருந்தால் நம்பிக்கை இழந்திருப்பார், அந்தப் பொருளை இப்போது எடுத்துக்கொள்ளலாமா? நான்காம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த அபாயே, ராவா என்னும் இரு பெரியோர் இதில் மாறுபட்டார்கள். அறியாத ஒன்றில் ஒருவர் நம்பிக்கை இழந்தார் என்று கொள்வது தகாது என்பது அபாயேயின் கட்சி. பின்னால் நிச்சயமாக நிகழப்போவதை இப்போதே நிகழ்ந்ததாகக் கொள்ளலாம் என்பது ராவாவின் கட்சி. இருவரும் வாதிட்ட விஷயங்களில் பொதுவாக ராவாவின் பக்கமே சட்டம் அமைந்தது; ஆறே ஆறு விஷயங்களில்தான் அபாயேயின் பக்கம் தீர்ந்தது; அந்த ஆறில் இது ஒன்று.

இந்த வாதம் இளைஞர் உள்ளத்தில் பற்றிக்கொள்ளும் விதம் வியக்கத்தக்கது. பள்ளிப் பேருந்தில் கிடந்த கைப்பேசி, நூலகத்துப் புத்தகத்துக்குள் யாரோ மறந்து வைத்த பணம், விளையாட்டு மைதானத்தில் கண்டெடுத்த ஒற்றைத் தோடு என்று தம் வாழ்க்கையிலிருந்தே உதாரணங்களைக் கொணர்ந்து, அபாயேயாகவும் ராவாவாகவும் நின்று அவர்கள் வாதாடுகிறார்கள். அதே அத்தியாயத்தில், கண்டெடுத்த பொருளைக் காக்கும் முறையும் சொல்லப்படுகிறது: துணியாயின் முப்பது நாளைக்கு ஒருமுறை உதறி வைக்க வேண்டும், ஏடாயின் முப்பது நாளைக்கு ஒருமுறை விரித்து வாசிக்க வேண்டும், எழுத்தறியாதவர் வெறுமனே சுருட்டியாவது வைக்க வேண்டும், ஆனால் புதிதாக ஒரு பாடத்தை அந்த ஏட்டில் கற்கலாகாது. புதுப் பாடம் கற்பவர் ஏட்டை நெடுநேரம் கையாண்டு தேய்த்துவிடக்கூடும் என்ற கவலையே அதற்குக் காரணம். முகமறியாத ஒருவருடைய உடைமையின் மீது இத்தனை கருணை காட்டும் சட்டத்தைப் படித்தபின், கைப்பேசிக்கு முப்பது நாளைக்கு ஒருமுறை மின்னேற்றுவது கண்டெடுத்தவரின் கடமையா என்று ஒரு மாணவி கேட்டால், சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று அது; பண்டைய அறிஞர் நடந்த பாதையில் அவள் தன் சொந்தக் காலால் ஓரடி எடுத்து வைத்துவிட்டாள் என்பதற்கு அது சான்று.

தால்முத் வகுப்பில் வாதிடும் மாணவருக்கு, வாதத்தின் மரியாதையும் உடன் கற்பிக்கப்படுகிறது. ஹில்லேல், ஷம்மாய் என்னும் இரு ஆசான்களின் மாணாக்கர் முதலாம் நூற்றாண்டில் ஓயாது முரண்பட்டார்கள். சட்டம் பொதுவாக ஹில்லேலின் மாணாக்கர் பக்கமே நின்றது. அதற்குத் தால்முத் கூறும் காரணம், அவர்கள் புத்திசாலிகள் என்பதன்று. அவர்கள் சாந்தகுணம் உடையவர்கள். தம் கருத்தோடு எதிர்க்கட்சியின் கருத்தையும் கற்பித்தவர்கள். அதிலும் எதிர்க்கட்சியாரின் கருத்தை முதலில் சொல்லிவிட்டுத் தம்முடையதைப் பின்னால் சொன்னவர்கள். தோற்ற கட்சியின் அபிப்பிராயத்தையும் அழிக்காமல் ஏட்டில் பொறித்துவைத்த இந்த மரபில் பயிலும் இளைஞன், மாற்றுக் கருத்தைப் பகையாக எண்ணாமல் செல்வமாக எண்ணப் பழகுகிறான். இஸ்ரேலைப் பற்றியும் பாலஸ்தீனரைப் பற்றியும் மாணவரிடையே கடுமையான கருத்து வேற்றுமை எழும்போது, இந்தப் பயிற்சி அங்கே உடனடியாகச் சோதனைக்கு உள்ளாகிறது. நல்ல ஆசிரியர் அக்கேள்விகளை மூடி மறைப்பதில்லை. பேசவும் கேட்கவும் இடம் கொடுக்கிறார்.

வரலாற்று வகுப்பின் தன்மை வேறு. நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதரில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் குழந்தைகள் என்ற செய்தியை, அதே பிராயத்தை இப்போதுதான் கடந்துவந்தவர்களுக்குக் கற்பிப்பது எளிதான காரியமன்று. எண்களின் பெருமை உள்ளத்தை மரக்கச் செய்துவிடும் என்று அறிந்த ஆசிரியர்கள், தனி மனிதர்களின் கதை வழியாகவே அந்த இருட்டுக்குள் மாணவரை அழைத்துச் செல்கிறார்கள். வார்சா நகரின் அடைப்புச் சேரியில், சரித்திராசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளூம் இரகசியமாக ஒரு குழுவைச் சேர்த்து, நாட்குறிப்புகள், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகள், உணவுப் பங்கீட்டுச் சீட்டுகள், சுவரொட்டிகள், மிட்டாய்க் காகிதங்கள் வரை திரட்டிச் சேமித்தார். 1942ல் அவற்றின் ஒரு பகுதியைத் தகரப் பெட்டிகளில் இட்டு ஒரு பள்ளிக் கட்டிடத்தின் அடியில் புதைத்தவர்கள், ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவர் இருவரும். அம்மாணவருக்கு வயது 18ம் 19ம். யுத்தம் முடிந்து 1946ல் அப்பெட்டிகளும், 1950ல் பால் பாத்திரங்களில் புதைத்த மற்றொரு பகுதியும் தோண்டி எடுக்கப்பட்டன. குழுவினரில் உயிரோடு எஞ்சியவர் மூவரே. தம்மைவிட மூன்று நான்கு வயதே மூத்த இளைஞர் இருவர், சாவை எதிரில் கண்ட நிலையிலும் உலகத்துக்கு உண்மையைச் சேர்ப்பித்தே தீர வேண்டும் என்று மண்ணைத் தோண்டினார்கள் என்பதை அறியும் மாணவர், சரித்திரம் என்பது பெரியவர்கள் எழுத, தாங்கள் மனனம் செய்யும் பாடம் என்ற எண்ணத்தை விட்டுவிடுகிறார்கள்.

படித்ததைச் செயலில் காட்டவும் இப்பள்ளி இடம் அமைத்திருக்கிறது. பல ஊர்களில் மாணவர்களே உறுப்பினராக அமைந்த தர்ம சபைகள் உண்டு. தம் 13ஆம் வயதுச் சடங்கில் கிடைத்த பரிசுப் பணத்தில் ஒரு பங்கையும், தாமே திரட்டிய நன்கொடையையும் பொதுநிதியாகச் சேர்த்து, உதவி வேண்டும் ஸ்தாபனங்களிடமிருந்து விண்ணப்பம் பெற்று, கணக்குகளைப் படித்து, சில இடங்களை நேரில் சென்று பார்த்து, எதற்கு எவ்வளவு என்று அவர்களே கூடி முடிவு செய்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த தத்துவ ஞானியும் வைத்தியருமான மைமோனிடஸ், தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்து, முகம் சுளித்துக் கொடுப்பதைக் கீழ்ப்படியிலும், வறியவருக்குக் கடன் கொடுத்தோ கூட்டாளியாக்கியோ வேலை தேடித் தந்தோ இனிப் பிறர் கையை எதிர்பாராதபடி நிலைநிறுத்துவதை உச்சிப்படியிலும் வைத்தார். பசித்தவருக்கு உணவு வழங்கும் நிலையத்துக்குப் பணம் கொடுப்பதா, வேலையற்றவருக்குத் தொழிற்பயிற்சி தரும் நிலையத்துக்குக் கொடுப்பதா என்று சபையில் விவாதம் வரும்போது, எண்ணூறு வருஷத்துக்கு முந்திய அந்தப் படிக்கட்டு மேசைமேல் விரித்த வரைபடம் போல் உதவுகிறது. உச்சிப்படியே மேலானது என்றாலும் இன்றிரவு பசித்திருப்பவன் என்ன செய்வான் என்று ஒருவர் கேட்க, விவாதம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்த பள்ளிகளிலிருந்து மாணவர்கள் வாஷிங்டன் நகருக்கும் செல்லுகிறார்கள். அப்பிரிவின் சமூகச் செயல் நிலையம் நடத்தும் வாரக்கடைசி முகாமில், வறுமை, குடியேற்றம், சுற்றுச்சூழல் போன்ற விஷயங்களில் ஒன்றைச் சமய நூல்களின் வெளிச்சத்திலும் நாட்டுச் சட்டங்களின் வெளிச்சத்திலும் ஆராய்ந்து, ஞாயிறு இரவு தம் உரையை எழுதித் திருத்தி, திங்கட்கிழமை தம் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கே சென்று அதை எடுத்துரைக்கிறார்கள். வாக்குரிமை வயதே நிரம்பாத பிள்ளைகள் நாடாளுமன்றக் கட்டிடத்தில் நின்று பேசும்போது, 1965ல் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங்கின் வரிசையில் நடந்த யூத சமய குரு ரபி ஆபிரகாம் ஹெஷெல் அவர்களின் சுவடு அவர்களுக்கு முன்னே செல்லுகிறது.

பண்டிகைகளும் சமையலும் இங்கே பொழுதுபோக்குக்காக இடம்பெறவில்லை. ஓய்வுநாள் மேசைக்குரிய ஹல்லா ரொட்டிக்கு மாவு பிசைந்து, ஈஸ்ட் பொங்கி எழும் வரை காத்திருந்து, நீண்ட திரிகளாக உருட்டி, மூன்று புரியிலிருந்து ஆறு புரி வரை சடை பின்னுவதைக் கற்கும்போது, பிசைந்த மாவில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி ஆசிமொழி சொல்லித் தீயில் இடவும் கற்கிறார்கள். எருசலேம் ஆலயம் நின்ற காலத்தில் ஆசாரியருக்கு உரியதாயிருந்த பங்கின் நினைவு அது. இலையுதிர் காலத்தில் வரும் கூடாரப் பண்டிகைக்கு, பள்ளி முற்றத்தில் மரச்சட்டம் அடித்து, வெட்டிய கிளைகளால் கூரை வேய்கிறார்கள். இரவில் நட்சத்திரம் தெரியும்படி கூரையில் இடைவெளி இருக்க வேண்டும் என்பது மரபு. ஷவுவோத் பண்டிகையின் இரவில் பெரியவர்களோடு உடனமர்ந்து விடியும்வரை நூல் ஓதுகிறார்கள். கையும் நாவும் கண்ணும் சேர்ந்து கற்றது எளிதில் மறப்பதில்லை என்பதை அனுபவமுள்ள எந்த ஆசிரியரும் அறிவார்.

இவை எல்லாவற்றிலும் மேலாக எனக்குத் தோன்றுவது, மாணவரையே ஆசிரியராக்கும் வழக்கம். ஞாயிறு காலையில் சிறுவர் வகுப்புகளில், எபிரேய எழுத்துக்களைத் தடவித் தடவி வாசிக்கும் எட்டு வயதுக் குழந்தையின் அருகில், பதினாறு வயது மாணவி ஒருத்தி அமர்ந்து விரல் வைத்துக் காட்டுகிறாள். மத்ரிக் என்று அழைக்கப்படும் இத்துணையாசிரியர்கள், கற்பித்தல் பற்றித் தனிப் பயிற்சி பெறுகிறார்கள். சில இடங்களில் அவர்களுக்குச் சிறு ஊதியமும் உண்டு. தோல்சுருளில் உயிர்க்குறியோ இசைக்குறியோ இல்லை. வாசிப்பவர் அவ்விரண்டையும் அச்சு நூலில் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டு, சுருளைக் கையால் தொடாமல், கை வடிவில் அமைந்த வெள்ளிக் கோலால் வரியைத் தொடர்ந்து வாசிக்க வேண்டும். இந்த வித்தையில் தேர்ந்த மூத்த மாணவர், அடுத்த ஆண்டு மேடையேறப்போகும் இளையவருக்குப் பழக்குவதும் உண்டு. பெண்பிள்ளைகள் இதில் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாக நிற்பது அவ்வளவு பழைய செய்தியன்று. ரபி மொர்தெகாய் கேப்ளான் தம் மகள் ஜூடித்துக்கு, அமெரிக்காவில் முதன்முதலாகப் பாட் மிட்ஸ்வா நடத்தியது 1922 மார்ச்சு 18ஆம் தேதி. அன்றும் அச்சிறுமி சுருளிலிருந்து வாசிக்கவில்லை. மேடைக்குச் சற்றுத் தள்ளி நின்று, அச்சிட்ட நூலிலிருந்தே வாசித்தாள். இன்று பல பள்ளிகளில் சுருள் வாசிப்பைச் சிறுவருக்குப் பழக்குபவளே ஒரு பெண்ணாக இருக்கிறாள்.

இப்பள்ளிகளுக்கு இடையூறு இல்லாமல் இல்லை. கல்லூரிப் பிரவேசத்துக்கான போட்டி வலுத்துவிட்ட காலத்தில், மதிப்பெண்ணும் சான்றிதழும் முக்கியமல்லாத ஒரு படிப்புக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்குவது இளைஞருக்கும் பெற்றோருக்கும் பாரமாகத் தோன்றுகிறது. தாம் சிறுவயதில் சமயப் பள்ளியில் சலிப்போடு கழித்த நாட்களை நினைத்து, பிள்ளையை வற்புறுத்தத் தயங்கும் பெற்றோரும் பலர். ஆசிரியப் பணியும் பகுதி நேரப் பணியாதலால், ரபிகளும் கல்லூரி மாணவரும் வேறு தொழில் பார்ப்பவரும் களைத்த உடலோடு மாலையில் வந்து களைத்த மாணவருக்குக் கற்பிக்கிறார்கள். வாரம் பல மாலைகள் என்றிருந்த வகுப்பு இன்று பெரும்பாலான இடங்களில் ஒரே மாலையாகச் சுருங்கியிருக்கிறது. அந்தச் சுருக்கத்தில் எபிரேய மொழிப் புலமை குறைந்துவிட்டது என்ற கவலை நியாயமானதே.

ஆயினும் கட்டாயம் நீங்கிய இந்த நிலையே ஒரு பெரிய நன்மைக்கு இடம் தந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். 13 வயது வரை பிள்ளையை அனுப்பியவர்கள் பெற்றோர். அதன் பின் வருபவர் தாமே வருகிறார். தாமே வருபவரிடம் ஆசிரியர் விடைகளை மட்டும் ஒப்புவிக்கச் சொல்ல முடியாது. கேள்வி கேட்கும் உரிமையையும், பணத்தைப் பங்கிடும் உரிமையையும், பிறருக்குக் கற்பிக்கும் உரிமையையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மேடையில் பொறுப்பை ஏற்றதாக அறிவித்துவிட்டு, நடைமுறையில் எந்தப் பொறுப்பும் தராமல் இளைஞரைக் குழந்தைகளாகவே நடத்தும் சமூகம், அவர்கள் விலகிப் போவதைக் கண்டு வருந்துவதில் பொருளில்லை. பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுத் தொலைதூரத்துக் கல்லூரிக்குச் செல்லும்போது, அந்த இளைஞனோடு தாய் தந்தையர் வருவதில்லை; ஜெப ஆலயமும் வருவதில்லை. அங்கே ஓய்வுநாளைக் கொண்டாடுவதா வேண்டாமா, தன் மரபைப் பற்றி ஏளனமாகப் பேசுபவருக்கு என்ன விடை சொல்வது, தன் கையிலுள்ள சிறிய பணத்தில் பிறருக்கு எவ்வளவு என்பனவற்றையெல்லாம் அவனே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானங்களைச் செய்து பழகியவனாக அவனை அனுப்பிவைப்பதே இந்தப் பள்ளியின் பணி; அதைச் செய்யும் பள்ளிக்கு, வாரத்தில் ஒரு மாலை என்பது சமூகம் கொடுக்கக்கூடிய மிகக் குறைந்த காணிக்கை.